ஆடும்போது கவனம் எங்கே இருக்க வேண்டும்?

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் கிரிக்கெட் பந்து மட்டையாளரை வந்தடைய ஏறக்குறைய அரை நொடி ஆகிறது. அந்த அரை நொடிக்குள் அவர் தம் முழங்கையையும் காலடியையும் நினைக்க வேண்டுமா, பந்தை மட்டும் பார்க்க வேண்டுமா, ஒன்றையும் நினைக்காமல் உடலை அதன் போக்கில் விட்டுவிட வேண்டுமா? வலைப்பயிற்சியில் நிற்கும் பயிற்சியாளர் ஒவ்வொருவரும் இதற்கு நாள்தோறும் ஏதோ ஒரு விடையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். "முழங்கையை உயர்த்து" என்பது ஒரு விடை. "பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே" என்பது இன்னொன்று. "யோசிக்காமல் அடி" என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே மாலையில் ஒரே மாணவனிடம் சொல்வதும் உண்டு.

உளவியல் தனித்துறையாக உருப்பெற்ற காலத்திலிருந்தே இந்தக் கேள்வி அதனுடன் இருந்துவருகிறது. இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. ஆடும் கணத்தில் கவனத்தை எங்கே வைப்பது என்பது ஒன்று. நீண்ட நாள் பயிற்சி அந்தக் கவனத்தை என்ன செய்கிறது என்பது மற்றொன்று. இவற்றைத் தனித்தனியே பேசியதால்தான் பல முரண்பாடுகள் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது.

பழக்கம் பொறுப்பேற்கும் என்ற விடை

அமெரிக்க உளவியலர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் பெருநூலில் பழக்கத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். திரும்பத் திரும்பச் செய்த செயல் உணர்வின் மேற்பார்வையிலிருந்து விடுபடுகிறது, அதனால் வேறு வேலை பார்க்க மனத்துக்கு ஓய்வு கிடைக்கிறது என்பது அவருடைய வாதம். குறிபார்த்து எறிபவர் தம் கையை நினைத்தால் தவறவிடுவார், இலக்கை நினைத்தால் கை தானே வழி கண்டுகொள்ளும் என்ற கருத்தையும் அவர் அப்போதே எழுதிவிட்டார். நூறாண்டு கழித்து ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்ட கருதுகோள் ஏறத்தாழ இதுவேதான்.

அதே பத்தாண்டில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி ஊழியர்களின் கற்றல் வேகத்தை அளந்தார்கள். முதலில் எழுத்துகளையும், பிறகு சொற்களையும், பிறகு சொற்றொடர்களையும் ஒரே அலகாகக் கேட்கும் ஆற்றல் வளர்வதை அவர்கள் கண்டார்கள். இடையிடையே முன்னேற்றம் நின்றுவிடும் சமவெளிகள் உண்டு என்றும் சொன்னார்கள். அந்தச் சமவெளிகளைப் பின்வந்தோர் பலமுறை தேடியும் உறுதியாகக் காண முடியவில்லை. ஆனால் கீழ்மட்ட வேலை தானியங்கியாக, கவனம் மேல்மட்டத்துக்கு ஏறுகிறது என்ற படிமம் நிலைத்துவிட்டது.

பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும் 1967இல் இதை மூன்று கட்டங்களாக வகுத்தார்கள். முதலில் கற்பவர் ஒவ்வோர் அசைவையும் சொல்லிச் சொல்லிச் செய்கிறார்; அடுத்து அசைவுகள் ஒன்றோடொன்று இணைகின்றன; கடைசியில் சிந்தனையின் துணையின்றியே நிகழ்கின்றன. உலகெங்கும் உடற்கல்விப் பாடநூல்களில் இன்றும் இருப்பது இந்த வரைபடமே. நரம்பியலும் இதற்கு ஆதரவளிப்பதாகத் தோன்றியது. மூளை அறுவைக்குப் பிறகு புதிய நினைவுகளை உருவாக்க இயலாமல் போன ஹென்றி மொலைசன் என்பவர், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் வேலையில் மூன்று நாள்களில் தேறியதை பிரெண்டா மில்னர் 1962இல் பதிவுசெய்தார். முந்தின நாள் வரைந்தது அவர் நினைவில் இல்லை. ஆனால் கை தேறிக்கொண்டே வந்தது. திறன் வேறு, அறிவு வேறு என்ற முடிவுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா என்று பலரும் கேட்டார்கள்.

வேண்டும் என்று 2013இல் மறுப்பு வந்தது. மெய்யியலர் ஜேசன் ஸ்டான்லியும் நரம்பியலர் ஜான் கிராக்கவரும் ஒரு சிறு விவரத்தைச் சுட்டிக்காட்டினார்கள். மொலைசனுக்கு ஒவ்வொரு முறையும் என்ன செய்ய வேண்டும் என்று புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அறிவுரை இல்லாவிட்டால் தேறிய கை வேலையைத் தொடங்கியே இருக்காது. ஆகவே அவரிடம் மிஞ்சியிருந்தது அசைவின் கூர்மை மட்டுமே. முழுத்திறன் என்பது அந்தக் கூர்மையும், எப்போது எதைச் செய்வது என்ற அறிவும் சேர்ந்தது. 'தசை நினைவு' என்ற சொல்லை மைதானங்களில் எளிதாகப் புழங்குகிறோம். தசை எதையும் நினைவில் வைப்பதில்லை என்பதோடு, நினைவு என்று நாம் குறிப்பிடுவதில் பாதிக்கு மேல் தீர்மானம் என்பதையும் அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

பெர்ன்ஸ்டைன் கண்ட சுத்தியல்

பழக்கக் கோட்பாட்டின் ஆழமான பலவீனத்தை வெளிக்கொணர்ந்தவர் சோவியத் உடலியலர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன். 1920களில் மாஸ்கோவின் மத்திய உழைப்பு நிறுவனத்தில், தேர்ந்த தொழிலாளர்கள் சுத்தியலால் அடிப்பதை அவர்களின் மூட்டுகளில் சிறு விளக்குகள் பொருத்திப் படமெடுத்தார். ஒரே அசைவு ஒரே மாதிரி திரும்ப வரும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். படத்தில் தெரிந்தது வேறு. சுத்தியலின் தலை ஏறக்குறைய அதே இடத்தில் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடியிலும் வெவ்வேறு வழியில் சென்றன. ஒரு மூட்டில் நேர்ந்த சிறு விலகலை இன்னொரு மூட்டு சரிக்கட்டியது.

இதிலிருந்து அவர் கண்ட முடிவு, பயிற்சி என்பது ஒரே தீர்வைத் திரும்பச் செய்வதன்று, தீர்வு காணும் செயலைத் திரும்பச் செய்வது என்பதாகும். உடலில் இத்தனை மூட்டுகளும் தசைகளும் இருக்க, அவற்றை ஒவ்வொன்றாக உணர்வு ஆள முடியாது. இலக்கு நிலைத்திருக்க, உறுப்புகள் தமக்குள் ஒத்துப்போகின்றன. 1947இல் வந்த அவருடைய நூலுக்கு அடுத்த ஆண்டு ஸ்டாலின் பரிசு கிடைத்தது. சில ஆண்டுகளுக்குள், பாவ்லோவின் மறிவினைக் கோட்பாட்டை ஏற்காததற்காக அவர் ஆய்வுக்கூடத்தை இழந்தார். அவருடைய கட்டுரைகள் ஆங்கிலத்தில் நூலாகத் தொகுக்கப்பட்டது 1967இல், அவர் மறைந்த மறு ஆண்டு. மேற்குலகின் இயக்கவியல் ஆய்வு அவரைத் தாமதமாகவே எட்டியது.

எனக்குத் தெரிந்தவரை இந்த விவாதம் முழுவதிலும் மிகக் கனமான ஒற்றைக் கண்டுபிடிப்பு இதுதான். "முழங்கை இந்தக் கோணத்தில் இருக்கட்டும்" என்று கற்பிக்கும் முறை, தேர்ந்தவரின் முழங்கை எப்போதும் ஒரே கோணத்தில் இருக்கும் என்று நம்புகிறது. பெர்ன்ஸ்டைனின் படங்கள் அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. ஆனால் அவருடைய விடையிலும் ஓர் இடைவெளி உண்டு. உறுப்புகள் ஒத்துப்போகும் விதத்தை அவர் விளக்கினார். கற்பவரின் கவனம் அப்போது எங்கே இருக்க வேண்டும் என்பதை நேராகச் சோதிக்கவில்லை.

உடலையா, உடலுக்கு வெளியையா?

அந்தச் சோதனையைத் தொடங்கியவர் கேப்ரியேல் வுல்ஃப். அவரும் சக ஆய்வாளர்கள் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்கு அசைவைப் போலச் செய்யும் கருவி ஒன்றின் மீது கற்பவர்கள் நின்றார்கள். ஒரு குழுவிடம் பாதங்களால் அழுத்துவதைக் கவனிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் பாதங்களுக்கு நேர் கீழே இருந்த சக்கரங்களை அழுத்துவதைக் கவனிக்கச் சொன்னார்கள். பாதத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறிது. செய்யும் வேலையும் ஒன்றே. ஆயினும் சக்கரத்தைக் கவனித்தவர்கள் கூடுதலாகக் கற்றார்கள். தன் உடலசைவைக் கவனிப்பது அகக்கவனம் என்றும், அந்த அசைவு வெளியே உண்டாக்கும் விளைவைக் கவனிப்பது புறக்கவனம் என்றும் பெயர் பெற்றன.

இதற்கான விளக்கம் 2001இல் வந்தது. உடலைக் கவனிப்பவர் தானாக நிகழ வேண்டியதில் குறுக்கிட்டு அதை இறுக்கிவிடுகிறார். விளைவைக் கவனிப்பவரோ உடலின் தன்னொழுங்குக்கு வழிவிடுகிறார். ஜேம்ஸின் கருத்தும் பெர்ன்ஸ்டைனின் படங்களும் இங்கே கைகோத்துக்கொண்டதால் கோட்பாடு விரைவாகப் பரவியது. கோல்ஃப், கூடைப்பந்து, டார்ட்ஸ், நீச்சல், மேல்நோக்கித் தாவுதல், முதியோரின் சமநிலை என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் வந்தன. பயிற்சியாளர்கள் நடைமுறையில் இதற்கு எதிராகவே பேசுகிறார்கள் என்பதையும் சிலர் காட்டினார்கள். அமெரிக்கத் தேசியத் தடகளப் போட்டியில் பங்கேற்றவர்களிடம் ஜாரெட் போர்ட்டரும் சகாக்களும் 2010இல் எடுத்த சிறிய கணக்கெடுப்பில், சுமார் 85 விழுக்காட்டினர் தம் பயிற்சியாளர்கள் உடலுறுப்பைப் பற்றியே அறிவுரை தருவதாகச் சொன்னார்கள்.

2021இல் வுல்ஃபும் சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். வயது, உடல்நலம், திறன்நிலை எதுவாயினும் புறக்கவனமே மேல் என்பது அதன் தீர்ப்பு. விவாதம் முடிந்துவிட்டது போலிருந்தது.

மூன்றே ஆண்டில் அது மீண்டும் திறந்துகொண்டது. பிராட் மெக்கேயும் சகாக்களும் 2024இல் அதே ஆய்வுப்பரப்பை வேறு புள்ளியியல் முறையில் அலசினார்கள். சிறு குழுக்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் சாதகமான முடிவு வந்தவை மட்டும் அச்சேறியிருக்கும் சாத்தியத்தைக் கணக்கில் எடுத்தால், புறக்கவனத்தின் நன்மை மிகச் சிறிதாகச் சுருங்குகிறது, சில கணக்குகளில் இல்லாமலே போகிறது என்று கண்டார்கள். ஒரே தரவிலிருந்து இரு அணிகள் நேர்மாறான முடிவுக்கு வந்திருக்கின்றன. தனிப்பட்ட எவரின் நேர்மையையும் இங்கே ஐயுற வேண்டியதில்லை. ஒரு துறை முழுவதும் இருபது, முப்பது மாணவர்களை வைத்துச் சோதனை செய்து, வெற்றியை மட்டும் எழுதிப் பழகினால் எந்தக் கருத்தும் உண்மையைவிடப் பருத்துத்தான் தெரியும்.

புள்ளியியலைத் தள்ளிவைத்தாலும் இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. புறக்கவனத்தில் இருக்கச் சொன்னவர் உண்மையில் அப்படித்தான் இருந்தாரா என்பது பெரும்பாலும் சரிபார்க்கப்படுவதில்லை. மேலும், ஜிம்னாஸ்டிக்ஸ், நடனம், டைவிங் போன்றவற்றில் அசைவின் வடிவமே இலக்கு. அங்கே உடலுக்கு வெளியே கவனிக்க என்ன இருக்கிறது என்பதற்கு இந்தக் கோட்பாடு தெளிவாக விடை சொல்லவில்லை.

நெருக்கடியில் கை தடுமாறுவது ஏன்?

நியூயார்க் யாங்கீஸ் அணியின் சக் நாப்லாக் தங்கக் கையுறை விருது பெற்ற பேஸ்பால் தடுப்பாளர். 1999, 2000 ஆண்டுகளில் அவரால் இரண்டாம் தளத்திலிருந்து முதல் தளத்துக்கு, அதாவது மிக எளிய தொலைவுக்கு, பந்தை ஒழுங்காக எறிய முடியாமல் போனது. 2001இல் அவரை அங்கிருந்து எடுத்து வெளிக்களத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. பாய்ந்து பிடித்து யோசிக்க நேரமின்றி எறிந்த பந்துகள் சரியாகச் சென்றன, நிதானமாக எறிய நேரம் கிடைத்தபோதுதான் பிழைத்தன என்று அந்நாளில் கவனித்தவர்கள் சொன்னார்கள்.

இத்தகைய சரிவுக்கு இரண்டு விளக்கங்கள் போட்டியிடுகின்றன. முதலாவது, கவனம் உள்ளே திரும்புவதே காரணம் என்பது. ராய் பாமைஸ்டர் 1984இல் இதை முன்வைத்தார். ரிச் மாஸ்டர்ஸ் 1992இல் கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளும் சோதனையில் அடுத்த படிக்குச் சென்றார். விதிகளைப் படித்துக் கற்றவர்களைவிட, கற்கும்போதே எழுத்துகளைத் தாறுமாறாகச் சொல்லிக்கொண்டிருந்ததால் விதிகளைச் சேகரிக்க இடமில்லாதவர்கள் நெருக்கடியில் தடுமாறாமல் ஆடினார்கள். விதி தெரிந்தவனுக்கே நெருக்கடியில் விதியைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும் என்பது வாதம். இதில் ஒரு குறை உடனே சுட்டப்பட்டது. நெருக்கடிச் சோதனையின்போது எழுத்து சொல்லும் சுமை அவர்களிடமிருந்து நீக்கப்பட்டிருந்தது. அவர்கள் மேம்பட்டதற்கு அந்த விடுதலையே காரணமாயிருக்கலாம். பின்னர் அந்தச் சுமையை நீக்காமல் செய்த ஆய்வும் பெரும்பாலும் மாஸ்டர்ஸின் பக்கமே சாய்ந்தது.

சியான் பைலாக்கும் சகாக்களும் 2002இல் கால்பந்து வீரர்களைக் கூம்புகளுக்கிடையே பந்தை உருட்டிச் செல்லச் சொன்னார்கள். பாதத்தின் எந்தப் பக்கம் பந்தைத் தொடுகிறது என்று கவனித்தபோது அனுபவசாலிகளின் வலது கால் மெதுவாயிற்று. அதே ஆட்டக்காரர் பழக்கமில்லாத இடது காலால் ஆடியபோதோ அதே கவனம் உதவியது. ஒரே ஆள், இரண்டு கால்கள், இரண்டு விடைகள். கவனம் நல்லதா கெட்டதா என்ற கேள்வி, யாருக்கு என்பதை மட்டுமன்றி எந்த உறுப்புக்கு என்பதையும் பொறுத்தது என்று இது காட்டுகிறது.

ராப் கிரே 2004இல் செய்த பேஸ்பால் ஆய்வு இன்னும் நுட்பமானது. மட்டை வீசும்போது ஓர் ஒலி எழும். அந்தக் கணத்தில் மட்டை மேலே போகிறதா கீழே வருகிறதா என்று சொல்ல வேண்டும். தேர்ந்தவர்களின் அடி இதனால் கெட்டது. அதைவிட முக்கியமான செய்தி, நெருக்கடி கூட்டப்பட்டபோது அவர்கள் அந்தக் கேள்விக்கு முன்னைவிடச் சரியாக விடை சொன்னார்கள் என்பது. கவனம் உண்மையிலேயே உள்ளே திரும்பியிருந்தது.

இரண்டாவது விளக்கம் இதற்கு நேரெதிர். கவனம் உடலுக்குள் போவதில்லை, ஆட்டத்தை விட்டே வெளியேறுகிறது, தோற்றுவிடுவோமோ என்ற கவலைக்குப் போகிறது என்கிறது அது. நெருக்கடியில் என்ன நினைத்தீர்கள் என்று நெதர்லாந்தில் ராவுல் அவுடெயன்ஸும் சகாக்களும் உயர்நிலை வீரர்களைக் கேட்டபோது, பெரும்பாலோர் சொன்னது கவலையைத்தான். தம் அசைவைப் பற்றி நினைத்ததாகச் சொன்னவர்கள் சொற்பம். இதுவும் முற்றான சான்று ஆகாது; அரை நொடியில் எழுந்த எண்ணத்தைப் பிறகு நினைவுகூர்ந்து சொல்வது எளிதன்று. இரண்டு விளக்கங்களும் வெவ்வேறு வீரர்களுக்கு, வெவ்வேறு ஆட்டங்களுக்குப் பொருந்தலாம் என்பதே இப்போதைக்குப் பாதுகாப்பான முடிவு. கோல்ஃப் வீரர்களின் கை தானாக வெட்டியிழுக்கும் சிக்கல் போன்ற சிலவற்றில் நரம்புத்தசைக் கோளாறும் கலந்திருக்கக்கூடும். அதை மனத்தளர்ச்சி என்று சொல்லி ஒருவரை ஒதுக்கிவிடுவது அநியாயம்.

யோசிக்கும் வல்லுநர்கள்

நாப்லாக்கின் கதையைத் தம் வாதத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டவர் மெய்யியலர் ஹூபர்ட் டிரைஃபஸ். விதியைப் பின்பற்றும் தொடக்கநிலையிலிருந்து சிந்தனை தேவைப்படாத வல்லமை வரை ஐந்து படிகளை அவரும் அவர் சகோதரர் ஸ்டூவர்ட்டும் 1980இல் வகுத்திருந்தார்கள். மேல்படியில் நிற்பவர் யோசிக்கத் தொடங்கினால் கீழே விழுவார் என்பது அவர் நிலை.

முன்னாள் பாலே நடனக்காரரும் மெய்யியலருமான பார்பரா மோன்டெரோ இதைக் கடுமையாக எதிர்த்தார். 2016இல் வந்த அவர் நூலின் மையம், வல்லுநர்கள் ஆடும்போதும் யோசிக்கிறார்கள், அப்படி யோசிப்பது அவர்களைக் கெடுப்பதில்லை என்பது. ஆய்வுக்கூடத்தில் கொடுக்கப்படும் கவனப் பணிகள் செயற்கையானவை என்கிறார். எந்தக் கால்பந்து வீரரும் தம் பாதத்தின் எந்தப் பக்கம் பந்தில் பட்டது என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை. பழக்கமில்லாத கேள்வி குறுக்கிட்டதால் ஆட்டம் கெட்டது என்பதால் கவனமே கேடு என்றாகிவிடாது. இந்த எதிர்வாதத்துக்குச் சரியான மறுமொழி இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

மைதானமும் அவருக்குச் சான்று தருகிறது. 2004 ஜனவரியில் சிட்னியில் சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் எடுத்த 241 ஓட்டங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தத் தொடரில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே சென்ற பந்துகளைத் துரத்தி அவர் விக்கெட்டைப் பறிகொடுத்திருந்தார். சிட்னியில் கவர் டிரைவையே தவிர்த்தார். 436 பந்துகள் ஆடி, தம் கை மிக நன்றாக அறிந்த அடியைக் கைக்குத் தடைசெய்தார். தானியங்கிப் பழக்கம் மட்டுமே வல்லமை என்றால் அந்த ஆட்டம் நிகழ்ந்திருக்க முடியாது. கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் 1997 மாஸ்டர்ஸ் போட்டியை 12 அடிகள் வித்தியாசத்தில் வென்ற பிறகு தம் வீச்சையே பிரித்துத் திரும்பக் கட்டினார். 2000இல் யுஎஸ் ஓப்பனை 15 அடிகள் வித்தியாசத்தில் வென்றார். உச்சியில் இருந்தவர் அகக்கவனத்துக்குத் திரும்பிச் சென்று மீண்டு வந்தது அது.

ஆனால் இந்த இரண்டும் ஒரே வகைக் கவனம் அல்ல. டெண்டுல்கர் கவனித்தது எந்த அடியை ஆடுவது என்பதை. தேர்ந்த அடி எப்படி நிகழ வேண்டும் என்பதைக் கை பார்த்துக்கொண்டது. உட்ஸ் கவனித்தது அசைவையே, ஆனால் பயிற்சிக்களத்தில், மாதக்கணக்கில். ஆஸ்திரேலியாவின் ஜான் சட்டன், வெய்ன் கிறிஸ்டென்சன், டோரிஸ் மெக்கில்வெய்ன் ஆகியோர் 2016இல் முன்வைத்த கருத்து இந்த வேறுபாட்டுக்கு இடம் தருகிறது. பழக்கமும் சிந்தனையும் மாறி மாறி வருவன அல்ல, ஒன்றோடொன்று பின்னிச் செயல்படுகின்றன. சிந்தனை சூழலையும் உத்தியையும் பார்க்க, பழக்கம் நுண்ணசைவைப் பார்க்கிறது. சூழல் கடினமாகும்போது சிந்தனையின் பங்கு கூடுகிறது என்பது அவர்கள் நிலை. சட்டன் கிரிக்கெட் மட்டைவீச்சை வைத்தே இதை முன்பு விரிவாக எழுதியிருக்கிறார். மற்ற நிலைப்பாடுகள் விளக்கத் திணறும் நிகழ்வுகளை இது எளிதாக உள்ளடக்குகிறது. அதுவே இதன் குறையும் ஆகிறது. எல்லாவற்றுக்கும் இடம்கொடுக்கும் கோட்பாட்டை எந்தச் சோதனை பொய்ப்பிக்கும் என்று சொல்வது கடினம்.

கண் சொல்வது

எண்ணத்தை நேராக அளக்க முடியாவிட்டாலும் பார்வையை அளக்கலாம். கனடாவின் ஜோன் விக்கர்ஸ் 1990களில் கோல்ஃபிலும் கூடைப்பந்திலும் கண்டது, தேர்ந்தவர்கள் அசைவைத் தொடங்குமுன் இலக்கின் மீது நீண்ட நேரம் கண்ணை நிறுத்துகிறார்கள் என்பது. அந்த நீண்ட பார்வை வல்லமைக்குக் காரணமா, அதன் விளைவா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே என்ற அறிவுரைக்கு மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் 2000இல் நடத்திய ஆய்வு ஒரு திருத்தம் சொன்னது. மட்டையாளர்கள் பந்தை முழுப்பாதையும் கண்ணால் தொடர்வதில்லை. கையிலிருந்து பந்து வெளிப்படுவதைப் பார்த்ததும் அது தரையில் படப்போகும் இடத்துக்குக் கண்ணை முன்கூட்டியே தாவவிட்டு அங்கே காத்திருக்கிறார்கள். திறன் கூடியவரின் கண் விரைவில் தாவுகிறது. சோதிக்கப்பட்டவர்கள் மூவர் மட்டுமே. ஆனால் கால அளவைப் பார்த்தால் வேறு வழியும் இல்லை. தரையில் எதிர்பாராமல் திரும்பும் பந்துக்குச் சர்வதேச ஆட்டக்காரராலும் ஏறக்குறைய 0.2 நொடிக்குள் அடியை மாற்ற முடியவில்லை என்று மெக்லியோட் 1987இலேயே காட்டியிருந்தார். வல்லவரின் நரம்பு வேகமானதன்று. அவர் முன்கூட்டியே அறிகிறார்.

எவ்வளவு பயிற்சி, எத்தகைய பயிற்சி?

ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் 1993இல் பெர்லின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து, குறிக்கோளோடும் திருத்தத்தோடும் முழுக் கவனத்தோடும் செய்யும் பயிற்சியே வல்லமைக்குக் காரணம் என்றார்கள். வல்லுநர் தானியங்கி நிலையைத் தேடுவதில்லை, அதிலிருந்து தப்பிக்கவே பாடுபடுகிறார் என்பது அவர் கருத்தின் உயிர்நாடி. மால்கம் கிளாட்வெல்லின் 2008ஆம் ஆண்டு நூல் வழியாக வெகுமக்களிடம் போய்ச் சேர்ந்தது 10,000 மணி நேரம் என்ற எண் மட்டுந்தான். கவனம் உதிர்ந்து மணிக்கணக்கு நின்றது பெரிய இழப்பு.

புரூக் மக்னமாராவும் சகாக்களும் 2016இல் விளையாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஆட்டக்காரர்களுக்கிடையேயான வேறுபாட்டில் சுமார் 18 விழுக்காட்டைத்தான் பயிற்சி விளக்கியது. உயர்நிலை வீரர்களுக்குள் ஒப்பிட்டால் அது 1 விழுக்காடாகச் சுருங்கியது. எல்லா வகைப் பயிற்சியையும் ஒன்றாகக் கூட்டிவிட்டார்கள் என்பது எரிக்சனின் மறுப்பு. உச்சியில் உள்ள அனைவரும் நிறையப் பயின்றவர்களே என்பதால் அங்கே பயிற்சியின் அளவு அவர்களைப் பிரித்துக்காட்டாமல் போவதும் இயல்பு. ஆக, அந்த 1 விழுக்காட்டை வைத்துப் பயிற்சி பயனற்றது என்று யாரும் முடிவு கட்ட வேண்டியதில்லை.

பயிற்சியின் அமைப்பு பற்றிய சான்று சற்று வலுவானது. ஷீ, மோர்கன் இருவரும் 1979இல், ஒரே செயலைத் தொடர்ந்து செய்வதைவிடப் பல செயல்களைக் கலந்து பயில்வது அப்போதைக்குத் தடுமாற்றம் தந்தாலும் பின்னாளில் கூடுதலாக நிலைக்கிறது என்று கண்டார்கள். 1994இல் கல்லூரி பேஸ்பால் வீரர்களுக்கு ஆறு வாரம் கூடுதல் பயிற்சி அளித்த ஆய்வில், மூவகைப் பந்துகளையும் கலந்து எதிர்கொண்டவர்கள் சுமார் 57 விழுக்காடு முன்னேறினார்கள், வகைவாரியாக எதிர்கொண்டவர்கள் சுமார் 25 விழுக்காடு. குழுக்கள் சிறியவை. பொதுவாக ஆய்வுக்கூடத்தில் பெரிதாகத் தெரியும் இந்த விளைவு மைதானத்தில் சிறுத்துவிடுகிறது என்பதை 2004இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று காட்டியது.

ஆய்வாளர்களுக்கு முன்பே ஆட்டக்காரர்கள் சிலர் இந்த வழியைக் கண்டிருந்தார்கள். பௌரல் ஊரில் சிறுவன் டான் பிராட்மன் தண்ணீர்த்தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒற்றை ஸ்டம்பால் அடித்துப் பழகினான். பந்து எப்படித் திரும்பும் என்று தெரியாது. முழங்கைக் கோணத்தைச் சொல்லித்தர யாருமில்லை. இலங்கையின் லசித் மலிங்கா, கடற்கரையில் டென்னிஸ் பந்தில் தொடங்கி, மட்டையாளரின் கால் இருக்கும் இடத்தில் காலணியை வைத்து யார்க்கர் பயின்றதும் பலரும் அறிந்தது. வழக்கத்துக்கு மாறான அவருடைய கைவீச்சைப் பாடநூல் வடிவத்துக்கு வளைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் இப்படிப் பயின்று பெயர் தெரியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு நம்மிடம் இல்லை. வென்றவர்களின் கதைகளை வைத்து முறையை நிறுவ முடியாது.

தீராமல் நிற்பவை

சிலவற்றை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். தேர்ந்தவரின் அசைவை ஆட்டத்தின் நடுவே துண்டுதுண்டாகக் கவனிக்கச் செய்வது பெரும்பாலும் கேடு. தொடக்கநிலையாளருக்கும் அசைவைத் திருத்திக்கொள்பவருக்கும் அதே கவனம் தேவைப்படலாம். பயிற்சியால் கவனம் மறைந்துபோவதில்லை. அசைவிலிருந்து இலக்குக்கும், இலக்கிலிருந்து உத்திக்கும் இடம் மாறுகிறது.

இதற்கு அப்பால் உள்ளவை திறந்தே இருக்கின்றன. புறக்கவனத்தின் நன்மை எவ்வளவு என்பது 2024க்குப் பிறகு மீண்டும் கேள்வியாகிவிட்டது. நெருக்கடிச் சரிவில் எந்த விளக்கம் எவருக்குப் பொருந்தும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அசைவின் வடிவமே இலக்காகும் கலைகளுக்குத் தனி ஆய்வு வேண்டும். வளரும் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் அரிது. இதுவரையான சான்றுகளில் பெரும்பகுதி வட அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழக மாணவர்கள் சில மணி நேரம் கருவி முன் நின்றதிலிருந்து வந்தது. கபடிக் களத்தில் மூச்சடக்கிப் பாடிச் செல்பவரின் கவனமும், சிலம்பம் சுழற்றுபவரின் கவனமும் அந்தக் கணக்கில் இல்லை.

தமிழ்நாட்டில் உடற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது; பல மாவட்டங்களில் விளையாட்டு விடுதிகளும் அகாதெமிகளும் இயங்குகின்றன. அங்குள்ள ஆய்வு மாணவர்கள் தொடங்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பயிற்சியாளர்கள் ஒரு பருவம் முழுவதும் களத்தில் சொல்லும் சொற்களைப் பதிவுசெய்து, அவற்றில் எத்தனை உடலைச் சுட்டின, எத்தனை இலக்கைச் சுட்டின என்று எண்ணி, ஆண்டு முடிவில் பிள்ளைகளின் ஆட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதை அளக்கப்போகிறோம் என்பதை முன்னரே எழுதிப் பதிந்துவிடுங்கள். முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டாலும் அதை வெளியிடுங்கள்.